தோல் வழியே மருந்து இறங்க: ஆயின்மென்ட், ஜெல், பேட்ச் வாங்கியவருக்கு ஒரு வழிகாட்டி

வடசென்னை வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் கவுண்டருக்கு உள்பக்கம் நிற்பவன் நான். ஆயின்மென்ட் டியூபைக் கையில் வாங்கியதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" எவ்வளவு பிதுக்குவது, குளிப்பதற்கு முன்பா பின்பா, மேலே துணி சுற்றலாமா, ஒத்தடம் கொடுக்கலாமா என்றெல்லாம் கேட்பவர் குறைவு. மாத்திரை என்றால் விழுங்கியதும் நம் வேலை முடிந்தது. பூசுகிற மருந்தில் பாதி வேலை பூசுகிறவர் கையில் இருக்கிறது. தோல் அமைந்திருப்பதே எதையும் உள்ளே விடாமல் இருப்பதற்காகத்தானே.

வீட்டில் பெரியவருக்குப் பேட்ச் (தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை) ஒட்டும் பொறுப்பு புதிதாக வந்தவர்கள், குழந்தையின் கரப்பானுக்கு (எக்ஸிமா) முதன்முறையாக, அரிப்பையும் சிவப்பையும் அடக்கும் ஸ்டீராய்டு கிரீம் வாங்கிப்போகிறவர்கள், முட்டிவலிக்கு ஜெல் தடவியும் ஒன்றும் தெரியவில்லையே என்று திரும்பி வருகிறவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்த எடுப்பில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "மருந்து நல்லா உள்ள இறங்கணும்" என்பது எல்லா மருந்துக்கும் பொருந்தாது. சிலதை உள்ளே தள்ளிவிட வேண்டும், சிலதை மேலேயே தடுத்து நிறுத்த வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு உத்தியையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

எதுவரை போக வேண்டிய மருந்து?

முதல் படி இந்தக் கேள்விதான். தெரியாவிட்டால் டாக்டரிடமோ கடையிலோ கேட்டுவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. சொறிக்குப் பூசும் பெர்மெத்ரின், படர்தாமரைக்கான கிரீம், மரு உதிர்வதற்கான சொட்டு மருந்து எல்லாம் தோலின் மேல்பகுதியில் நின்று வேலை செய்பவை. கரப்பானுக்கான ஸ்டீராய்டு தோலுக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும், ஆனால் ரத்தம்வரை போகக் கூடாது. முட்டிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் தோலைத் தாண்டி அடியில் இருக்கும் திசுவுக்குப் போக வேண்டும். நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் பேட்ச், புற்றுநோய் வலிக்கான ஃபென்டனில் பேட்ச் போன்றவை ரத்தத்தில் கலந்தால்தான் பயன்.

இது புரியாததால் வரும் குழப்பத்துக்கு நல்ல உதாரணம் சொறி மருந்து. நெருக்கமான வீடுகளில் ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வரும் வியாதி அது. பூசுவதற்கு முன்னால் வெந்நீரில் நன்றாகக் குளித்துவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வெந்நீர் தோலின் ரத்த ஓட்டத்தைக் கூட்டி மருந்தை உள்ளே இழுக்கும். சொறியை உண்டாக்கும் பூச்சி இருப்பதோ மேலே. உடம்பு ஆறி, நன்றாக உலர்ந்த பிறகு, கழுத்திலிருந்து கால்விரல் இடுக்குவரை விட்டுப்போகாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து கழுவ வேண்டும். அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் எல்லாரும் அதே ராத்திரி பூச வேண்டும். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கும் வீடு என்றால் அவர்களுக்கு எப்படி என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எது உள்ளே போகும், எது போகாது

தோலின் ஆக மேல் அடுக்கு செத்துப்போன செல்களால் ஆனது. உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். அதிகம் போனால் நாம் எழுதும் தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த மெல்லிசுக்குள் 15, 20 வரிசை செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் இருக்கின்றன, இடையில் கொழுப்பு சாந்துபோல் நிரம்பியிருக்கிறது. மருந்து பெரும்பாலும் செங்கலைத் துளைத்துப் போவதில்லை. சாந்து வழியாகத்தான் சுற்றி வளைத்துப் போகிறது. மயிர்க்கால் வழியும் வியர்வைத் துவாரம் வழியும் கொஞ்சம் போகும், ஆனால் அவற்றின் வாய்கள் தோலின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

சாந்து கொழுப்பு என்பதால் மருந்துக்கு எண்ணெய்த்தன்மை வேண்டும். அதற்கு அடியில் இருக்கும் உயிருள்ள அடுக்கு நீர்ப்பசை உள்ளது, ஆகவே தண்ணீரிலும் கொஞ்சம் கரைய வேண்டும். மூலக்கூறு சிறிதாகவும் இருக்க வேண்டும். 500 டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) எடையைத் தாண்டிய மூலக்கூறு நல்ல தோலைக் கடந்து போவது அரிது என்று 2000-ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்ற இருவர் எழுதினார்கள். இன்றுவரை மருந்து தயாரிப்பவர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு அது. நிகோடின் 162, நைட்ரோகிளிசரின் 227, ஃபென்டனில் 336. மூன்றுமே பேட்ச் ஆனதில் ஆச்சரியமில்லை.

இன்சுலின் ஏறத்தாழ 5,800. "சுகருக்கு ஊசி வேணாம், பேட்ச் ஒட்டினா போதும்" என்று போனில் வரும் விளம்பரத்தைக் காட்டி வாரம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். சாதாரணமாக ஒட்டும் பேட்சில் இன்சுலின் உள்ளே போகாது. சிலர் கையில் வட்டமாக ஒட்டியிருக்கிறதே என்றால், அது சர்க்கரை அளவைப் பார்க்கும் சென்சார், அதில் மருந்து கிடையாது. அதேபோல கொலாஜன் கிரீம். முழுக் கொலாஜன் மூலக்கூறு ஏறத்தாழ மூன்று லட்சம் டால்டன். தடவினால் தோல் ஈரமாக இருக்கும், பளபளப்பாகவும் தெரியும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய்க்கும் அந்தச் சாமர்த்தியம் உண்டு, விலையும் குறைவு.

தோலைத் தயார் செய்யுங்கள்

தோல் வழி மருந்தை உள்ளே அனுப்ப ஆக மலிவான உத்தி தண்ணீர். மேல் அடுக்கில் ஈரம் ஏறினால் அது ஊறி, செல்கள் உப்பி, இடைவெளி தளர்ந்து மருந்துக்கு வழி விடும். ஆகவே கரப்பான், சொரியாசிஸ் போன்றவற்றுக்கு ஸ்டீராய்டு ஆயின்மென்ட் கொடுத்திருந்தால், குளித்துவிட்டுத் துண்டால் ஒற்றியெடுத்து, தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். அழுத்தித் துடைத்து, ஃபேனில் காயவிட்டு, பவுடர் போட்ட பிறகு பூசினால் பாதி பலன் போய்விடும்.

இங்கே தலையிலிருந்து கால்வரை தேங்காய் எண்ணெய் தடவுவது பழக்கம். அது தவறில்லை, முறைதான் முக்கியம். எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ மருந்தோடு ஒரே நேரத்தில் குழைத்துப் பூசினால் மருந்தின் அடர்த்தி குறையும், தேவையில்லாத இடத்துக்கும் பரவும். இரண்டுக்கும் இடையே ஒரு அரைமணி நேரம் விடுங்கள். பேட்ச் ஒட்டும் இடத்திலோ எண்ணெயே கூடாது.

காய்த்துப்போன தோல் தனிக் கதை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸும் உப்புத் தண்ணீரும் வலையும் மாறி மாறிப் படும் கை, வெறுங்காலோடு சுமை தூக்கும் கால், இந்தத் தோலில் மேல் அடுக்கு மற்ற இடத்தைவிடப் பல மடங்கு தடிப்பு. அதன்மேல் என்ன பூசினாலும் மேலேயே நிற்கும். முதலில் தடிப்பைக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் யூரியாவும் சாலிசிலிக் அமிலமும். யூரியா 10 சதவீதம் என்றால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். 20, 40 என்று போகப் போகத் தடித்த தோலைக் கரைத்து உரிக்கும். சொரியாசிஸ் தடிப்புக்கு எழுதும் டியூபில் ஸ்டீராய்டு பெயருக்குப் பக்கத்தில் 'சாலிசிலிக் ஆசிட் 3%' என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அங்கே இருப்பது ஸ்டீராய்டுக்கு வழி திறந்துவிட.

பித்தவெடிப்புக்கும் மருவுக்கும் வரிசை ஒன்றுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் ஊறவையுங்கள். துடைத்துவிட்டு, ஊறி வெளுத்த தோலைக் கல்லால் மெதுவாகத் தேயுங்கள். ரத்தம் வரும்வரை தேய்க்க வேண்டாம். பிறகு மருந்து. மரு என்றால் சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவிக்கொண்டு, மருவின்மேல் மட்டும் சொட்டு வைத்து, காய்ந்ததும் பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். மரு தேய்த்த கல்லைப் பித்தவெடிப்புக்குப் பயன்படுத்தாதீர்கள், மரு பரவும். சுகர் இருப்பவர்கள் காலில் இந்த வேலையை வீட்டில் செய்யவே கூடாது. மரத்துப்போன காலில் தோல் கரைந்து புண்ணாவது தெரியாது.

எவ்வளவு பூசுவது

இதற்கு நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. 1991-இல் லாங், ஃபின்லே என்ற தோல் மருத்துவர்கள் சொன்னது. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ஒரு கோடு பிதுக்கினால் அது ஏறத்தாழ அரை கிராம். அந்த அளவு, விரல்களைச் சேர்த்து விரித்த இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். டியூபின் வாய் 5 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துச் சொன்ன கணக்கு இது. முகமும் கழுத்தும் சேர்த்து இரண்டரை விரல்நுனி. ஒரு கைக்கு மூன்று, மணிக்கட்டுக்குக் கீழே இன்னும் ஒன்று. ஒரு காலுக்கு ஆறு, பாதத்துக்கு இரண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கால் முழுக்கக் கரப்பான் என்றால் ஒரு வேளைக்கு எட்டு விரல்நுனி, நாலு கிராம். இரண்டு வேளை பூசச் சொல்லியிருந்தால் 15 கிராம் டியூப் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அதே டியூப் இரண்டு மாதம் வந்தது என்று சொல்பவரிடம் மருந்து பலிக்கவில்லை என்ற புகாரும் சேர்ந்தே வரும். இன்னொரு பக்கம், ஒரு ரூபாய்க் காசு அகலப் படைக்கு அப்பி அப்பிப் பூசுகிறவர்கள். தடிமனாகப் பூசினால் அதிகம் இறங்காது, சட்டையில்தான் ஒட்டும். மெல்லிய பூச்சு, மயிர் படியும் திசையில், மெதுவாக. கரகரவென்று தேய்க்கத் தேவையில்லை.

இன்னொன்று. ஸ்டீராய்டு பூசினால் அதில் ஒரு பகுதி அந்தச் செத்த அடுக்கிலேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். 1963-இல் விக்கர்ஸ் என்ற மருத்துவர் இதை அழகாகக் காட்டினார். ஸ்டீராய்டு பூசிப் பிளாஸ்டிக்கால் மூடிய இடத்தில் தோல் வெளுத்தது, மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. மருந்தையெல்லாம் எடுத்துவிட்டு, சில நாள் கழித்து வெறும் பிளாஸ்டிக்கால் அதே இடத்தை மூடினார். மறுபடியும் வெளுத்தது. பல ஸ்டீராய்டு மருந்துகளை நாளுக்கு ஒரு தடவை பூசினால் போதும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சீட்டில் ஒரு வேளை என்றால் ஒரு வேளைதான்.

களிம்பு (ஆயின்மென்ட்), கிரீம், ஜெல், லோஷன் வித்தியாசம் சுருக்கமாக: களிம்பு பிசுபிசுப்பானது, தோலை மூடி ஈரத்தைப் பிடித்து வைப்பதால் மருந்து அதிகம் இறங்கும். வறண்ட, தடித்த தோலுக்கு ஏற்றது. கிரீம் நடுத்தரம். ஜெல்லும் லோஷனும் மயிர் உள்ள இடத்துக்கும் தலைக்கும். ஒரே மருந்து, ஒரே சதவீதம் என்றாலும் களிம்பும் கிரீமும் ஒரே வேகத்தில் வேலை செய்யாது. "கிரீம் இல்ல, ஆயின்மென்ட் தரட்டா?" என்று கடையில் கேட்டால் சரி என்று தலையாட்டிவிடாதீர்கள்.

எந்த இடத்தில்

1967-இல் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஒரே ஸ்டீராய்டை உடம்பின் வெவ்வேறு இடங்களில் பூசி எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் போவதை 1 என்று வைத்தால், உள்ளங்காலில் 0.14, உள்ளங்கையில் 0.83, தலையில் 3.5, நெற்றியில் 6, தாடை ஓரத்தில் 13, விதைப்பையில் 42. அதே மருந்து, அதே அளவு. காலுக்குக் கொடுத்த வீரியமான கிரீமை முகத்தில் பூசினால் என்ன ஆகும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

வடசென்னையில் வேர்வைக்குக் குறைவில்லை, தொடை இடுக்குப் படர்தாமரைக்கும் குறைவில்லை. அதற்குச் சீட்டு இல்லாமல் வந்து கேட்கும் டியூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், படர்தாமரைக்குக் காரணமான காளானைக் (பூஞ்சை) கொல்லும் மருந்து மூன்றும் கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், அதனால் பேர் வாங்கிவிட்டது. தொடை இடுக்கில் தோல் மெல்லிசு, இரண்டு பக்கமும் ஒட்டி மூடியே இருக்கும் இடம், ஆகவே ஸ்டீராய்டு சரசரவென்று இறங்கும். காளான் உள்ளுக்குள் பரவும், தோல் மெலிந்து கோடு கோடாகக் கிழிந்த தழும்பு விழும். அந்தத் தழும்பு போகாது. 2018-இல் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மத்திய அரசு சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. "போன தடவை குடுத்தீங்களே" என்று யாராவது சண்டை போட்டாலும் தராத கடைக்காரர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

மூடினால் பல மடங்கு

பூசிய மருந்தின்மேல் பிளாஸ்டிக் சுற்றினால் வேர்வை வெளியேறாது, மேல் அடுக்கு ஊறிப்போகும், மருந்து பல மடங்கு அதிகம் இறங்கும். தோல் டாக்டர்கள் உள்ளங்கைத் தடிப்புக்கு ராத்திரி களிம்பு பூசிப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்ளச் சொல்வது இதனால்தான். சொன்னால் செய்யுங்கள், சொல்லாமல் நீங்களாகச் செய்ய வேண்டாம்.

மூடுவதால் கிடைக்கும் பலனை நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஊசி வலி தெரியாமல் இருக்கப் பூசும் மரப்பு கிரீமைப் பாருங்கள். லிடோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் தனித்தனியே பொடிகள். சம அளவில் கலந்தால் அறை வெப்பத்திலேயே உருகி எண்ணெயாகிவிடும், அந்த எண்ணெய் வடிவம்தான் தோலில் நன்றாக இறங்குகிறது. குழந்தைக்கு ஊசி போடும் இடத்திலோ டயாலிசிஸ் ஊசி குத்தும் இடத்திலோ தடிமனாக வைத்து, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு மணி நேரம் விட வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் பூசிக்கொண்டு "மரக்கவே இல்ல" என்றால் எப்படி மரக்கும்? வீட்டிலிருந்து கிளம்பும்போதே வைத்துவிடுங்கள். எத்தனை கிராம் என்பதைக் குழந்தையின் வயதையும் எடையையும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நினைக்காமலே மூடுகிற இடமும் உண்டு. டயப்பர் போட்ட குழந்தையின் தொடையிடுக்கில் ஸ்டீராய்டு கலந்த கிரீம் பூசினால், அந்த டயப்பரே பிளாஸ்டிக் உறை. குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், உள்ளே போகும் மருந்தும் அந்தக் கணக்கில் அதிகம். டைக்ளோஃபெனாக் ஜெல் பூசிய முட்டியில் கிரேப் பேண்டேஜ் இறுக்கிச் சுற்றுவதும் வேண்டாம். பூசிப் பத்து நிமிடம் காயவிட்டுத் துணி போடுங்கள், ஒரு மணி நேரம் கழுவாதீர்கள். சரியாகப் பூசிய ஜெல்லிலிருந்து ரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதில் சிறு பங்குதான். வயிற்றுக்கு அதனால்தான் அது சாது.

சூடும் தைலமும்

சூடு பட்டால் ரத்தக் குழாய் விரியும், கொழுப்புச் சாந்து இளகும், மருந்து வேகமாக இறங்கும். தைலத்தில் இருக்கும் மென்தால், யூகலிப்டஸ் எண்ணெய்க்கும் அந்தச் சாந்தைத் தளர்த்தும் குணம் உண்டு. வலி ஜெல்களில் மென்தால் சேர்ப்பது ஜில்லென்று இருப்பதற்காக மட்டும் அல்ல. ஆனால் தைலம் பூசி, அதன்மேல் வெந்நீர்ப் பை வைப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். மீதைல் சாலிசிலேட் உள்ள தைலத்தின்மேல் சூடு வைத்தால் தோல் வெந்து கொப்புளம் போடலாம். ஒத்தடமா தைலமா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இதைவிட முக்கியம் கற்பூரம். சளி பிடித்த கைக்குழந்தைக்குத் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிக் கற்பூரம் போட்டு நெஞ்சில் தேய்ப்பது பாட்டிமார் கைவைத்தியம். கற்பூரம் தோல் வழியே நன்றாக இறங்கும், எண்ணெயும் சூடும் அதற்குத் துணை. சின்னக் குழந்தைக்கு அதனால் வலிப்பே வரலாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கற்பூரம், மென்தால் எதுவும் வேண்டாம். பாட்டி கோபித்துக்கொண்டால் வெறும் எண்ணெயைத் தேய்க்கச் சொல்லுங்கள்.

பேட்ச் ஒட்டும் முறை

தோலில் ஒட்டி ரத்தத்துக்கு மருந்து அனுப்பும் முதல் பேட்சுக்கு அமெரிக்காவில் 1979-இல் அனுமதி கிடைத்தது. பயணத்தில் வரும் குமட்டலுக்காகக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பேட்ச் அது. இன்று நம் பக்கத்து வீடுகளில் அதிகம் பார்ப்பது நைட்ரோகிளிசரின், ஃபென்டனில், வலிக்கான புப்ரெனார்ஃபின், மறதி நோய்க்கான ரிவாஸ்டிக்மின், சிகரெட் விடுவதற்கான நிகோடின்.

ஒட்டும் முன் பழைய பேட்சைத் தேடி எடுங்கள். பல பேட்சுகள் தோல் நிறத்திலோ கண்ணாடிபோலவோ இருக்கும், முதுகில் ஒட்டியிருந்தால் கண்ணில் படாது. பழையது இருக்கப் புதியது ஏறினால் இரட்டை மருந்து. ஒட்டிய தேதியையும் நேரத்தையும் இடத்தையும் காலண்டரில் எழுதிவிடுங்கள்.

இடம்: மயிர் குறைந்த, காயம் இல்லாத, மடிப்பு விழாத இடம். மேல் கை, மார்பு, முதுகு. நைட்ரோகிளிசரினை முழங்கைக்குக் கீழேயும் முழங்காலுக்குக் கீழேயும் ஒட்டக் கூடாது. மயிர் இருந்தால் கத்தரியால் வெட்டுங்கள். சவரம் செய்தால் மேல் அடுக்கு சுரண்டப்பட்டு மருந்து தாறுமாறாக இறங்கும். வெறும் தண்ணீரில் கழுவி, முழுக்க உலரவிடுங்கள். சோப்பு, ஸ்பிரிட், பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம். மேல்தாளை உரித்து ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஓரங்களை விரலால் ஒருமுறை நீவிவிடுங்கள். பிறகு கையைத் தண்ணீரில் கழுவுங்கள். அடுத்த முறை வேறு இடம். ரிவாஸ்டிக்மினை ஒரே இடத்தில் 14 நாளுக்குள் மறுபடி ஒட்டக் கூடாது. மறதி நோயாளி பிய்த்துப் போட்டுவிடுகிறார் என்றால் கை எட்டாத முதுகில் ஒட்டுங்கள்.

"அண்ணே, காலையில ஒட்டினேன், மத்தியானத்துக்குள்ள வேர்வையில வந்துடுச்சு. அதையே அழுத்தி ஒட்டிட்டேன், சரியா?" கத்திரி வெயில் நாட்களில் அடிக்கடி கேட்பது. சரியில்லை. ஒருமுறை பெயர்ந்த பசை மறுபடி முழுசாகப் பிடிக்காது, பிடிக்காத இடத்தில் மருந்து இறங்காது. நைட்ரோகிளிசரின் என்றால் புதிதாக ஒன்றை வேறு இடத்தில் ஒட்டி, கழற்றும் நேரத்தை மட்டும் பழையபடியே வையுங்கள். ஃபென்டனில் என்றால் எழுதிய டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். வேர்வையில் பிடிக்காது என்றால் குளித்து, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, உடம்பு ஆறிய பிறகு ஒட்டுங்கள். விடியற்காலை நல்ல நேரம். ஓரம் மட்டும் தூக்கினால் சுற்றிலும் டேப் ஒட்டலாம்.

நைட்ரோகிளிசரினை ராத்திரி கழற்றச் சொல்லியிருந்தால் கட்டாயம் கழற்றுங்கள். பகலும் ராத்திரியும் இருந்தால் உடம்பு பழகிப்போய் மருந்து வேலை செய்யாது. பேட்சை வெட்டிப் பாதி ஒட்டுவது வேண்டாம். சிலவகைப் பேட்சில் மருந்து உள்ளே பை போல் இருக்கும், வெட்டினால் மொத்தமும் ஒரேயடியாக வெளியே வந்துவிடும்.

ஃபென்டனில் தனி ஜாக்கிரதை. ஒன்று ஒட்டினால் 72 மணி நேரம். ஒட்டியதும் வலி குறையாது, 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அந்த இடைவேளையில் பொறுக்க முடியாமல் இரண்டாவது ஒன்றை ஒட்டிவிடக் கூடாது. இடைப்பட்ட நேரத்துக்கு வேறு மருந்து டாக்டர் தருவார். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸ் ஆனால் ரத்தத்தில் ஃபென்டனில் மூன்றில் ஒரு பங்கு வரை கூடலாம். ஆகவே காய்ச்சல் வந்தால் டாக்டருக்குச் சொல்லுங்கள். பேட்ச் மேல் வெந்நீர்ப் பை, நேர் வெயில் கூடாது. எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு மெதுவாவது, கண்மணி புள்ளியாகச் சுருங்குவது, இவை தெரிந்தால் பேட்சை உடனே பிய்த்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பிய்த்த பிறகும் தோலில் தங்கிய மருந்து பல மணி நேரம் இறங்கிக்கொண்டிருக்கும், அதனால் "இப்ப பரவாயில்ல" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஒரே அறையில் பேரப்பிள்ளையோடு படுக்கும் வீடுகளில், ராத்திரி பேட்ச் பெயர்ந்து குழந்தை உடம்பில் ஒட்டிக்கொள்வது நடக்கக்கூடியது. மேலே சட்டை போட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் செய்யும் முறைகள்

பிசியோதெரபிக்குப் போனால் சில இடங்களில் மருந்து நனைத்த பஞ்சுப் பட்டையை வைத்து லேசான கரன்ட் விடுவார்கள். மின்னூட்டம் உள்ள மருந்தை, அதே மின்னூட்டமுள்ள முனை தள்ளிவிடும், அதுதான் தத்துவம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் லெடூக் என்பவர் இரண்டு முயல்களை வைத்து இதைக் காட்டினார். ஒன்றுக்கு ஸ்ட்ரிக்னின் என்ற விஷம், மற்றதற்கு சயனைடு. முனைகள் சரியாக இருந்தபோது இரண்டும் செத்தன. மாற்றி வைத்தபோது எதுவும் ஆகவில்லை. பாவம் முயல்கள், ஆனால் கரன்ட்தான் மருந்தைத் தள்ளுகிறது என்பதில் சந்தேகம் மீதியில்லை. இன்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிஆம்பியரைத் தாண்டாமல் விடுவார்கள். குறுகுறுப்பு சரி, சுரீரென்று எரிந்தால் உடனே சொல்லுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உள்ளங்கை வேர்வைக்கு இதே முறையை வெறும் குழாய்த் தண்ணீரை வைத்தே செய்கிறார்கள்.

அல்ட்ராசவுண்டால் மருந்தைத் தள்ளுவது இன்னொன்று. மூன்றாவது நுண்ணூசி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள ஊசிகள் செத்த அடுக்கில் துளை போடும், நரம்புவரை போகாததால் வலி அதிகம் இருக்காது. 1998-இல் அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் பிரௌஸ்னிட்ஸ் குழு இதைச் செய்து காட்டியது. 500 டால்டன் கணக்கை மீறும் மருந்துகளுக்கு இதில்தான் எனக்கு நம்பிக்கை. அதற்காக ஆன்லைனில் டெர்மா ரோலர் (நுண்ணூசி பதித்த உருளை) வாங்கி முகத்தில் உருட்டி, அதன்மேல் கையில் கிடைத்த சீரத்தை ஊற்றாதீர்கள். கிருமிக்கும் அதே துளைதான் வழி. ஒரே ரோலரை அக்கா தங்கை மாற்றிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன், ரத்தத்தில் பரவும் வியாதி எல்லாவற்றுக்கும் அது அழைப்பு.

வைப்பதும் எறிவதும்

சிமென்ட் ஷீட் வீட்டில் மே மாத மத்தியானம் அலமாரி மேல்தட்டு கொதிக்கும். டியூபையும் பேட்சையும் கீழ்த்தட்டில், வெயில் படாத பக்கம் வையுங்கள். கிரீமைப் பிதுக்கும்போது முதலில் எண்ணெய்த் தண்ணீர் ஒழுகினால் அது பிரிந்துவிட்டது, பூசாதீர்கள். பேட்ச் உறையை ஒட்டும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும்.

கழற்றிய பேட்சில் இன்னும் நிறைய மருந்து இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தையும் நாயும் எடுக்காத இடத்தில் போடுங்கள். ஃபென்டனில் பேட்சை மருந்து தந்த ஆஸ்பத்திரி திருப்பிக் கேட்டால் மடித்தபடியே கவரில் போட்டுச் சேர்த்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்புறம், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அழைத்துப் போகும் நாளில் உடம்பில் பேட்ச் இருக்கிறது என்பதை உள்ளே அனுப்பும் முன்பே சொல்லிவிடுங்கள். சில பேட்சுகளின் பின்பக்கம் அலுமினியம், ஸ்கேன் மெஷினுக்குள் அது சூடாகித் தோலைச் சுட்டுவிடும்.